தகட்டில் அடித்த எழுத்து

வடமதுரை,
4.8.2024

மாதாவின் நிழலில் சுகமாக இருக்கும் தங்கச்சி அறிவுச்செல்விக்கு,

அண்ணன் சூசைமாணிக்கம் எழுதிக்கொண்டது. நானும் உன் மதினியும் நலம். குஜராத்துச் சாப்பாட்டில் நீ இளைத்துப்போனாயா என்று லூர்து தினம் ஒரு தடவை கேட்கிறாள். பருப்பில் சர்க்கரை போடுகிற ஊரில் எப்படி உடம்பு தேறும் என்று நானும் யோசிக்கிறேன்.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். கிரைண்டர் தின்றது போக மிச்சமிருக்கிற காதை வைத்துக்கொண்டு நான் "என்னது, என்னது" என்று கேட்க, உன் விடுதியே திரும்பிப் பார்க்கும்படி நீ கத்த, அந்தக் கூத்து வேண்டாம். அதோடு தகட்டைப் போனில் அனுப்ப முடியாது. இந்தப் பார்சலில் மாதிரிக்குப் பற்றவைத்த ஒரு தகடு இருக்கிறது, பார்.

ஈஸ்டருக்கு வந்தபோது நீ வாங்கி வைத்துவிட்டுப் போன ஆர்கான் வெல்டிங் மெஷின் சும்மா தூங்கவில்லை. கிரில் கேட் வேலை நம்மிடம் வருவது நின்றுபோனது. எல்லாரும் ரெடிமேடாக இறக்கிவிடுகிறார்கள். திண்டுக்கல்லில் பிரியாணிக்கடை வைத்திருக்கும் முகமது பாரூக் பாய் பன்னிரண்டு எவர்சில்வர் அண்டா கேட்டிருக்கிறார். முதலில் மூன்று, அக்டோபருக்குள். ஒழுகாமல், உள்ளே பற்றவைத்த தையலில் சோறு ஒட்டாமல் இருந்தால் மிச்சம் ஒன்பதும் நமக்கு. இது கை நழுவினால் கொல்லைப் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஆனால் பற்றவைக்கக் கையில் பிடிக்கிறோமே, மெஷினோடு வந்த அந்த டார்ச் ஆளைக் கொல்கிறது. கைப்பிடி உலக்கை மாதிரி இருக்கிறது. கேபிள் முறுக்கிக்கொண்டு கையைத் தன் பக்கம் இழுக்கிறது. அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வீங்கிவிடுகிறது. கைக்குச் சுகமாக எந்த டார்ச் வாங்கலாம்? நீ தினமும் பிடிக்கிறவள், சொல்.

உன் பரீட்சை நல்லபடி முடியட்டும். லூர்து உனக்காகச் சனிக்கிழமை தோறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள்.

உன் அண்ணன்,
சூசைமாணிக்கம்

*

தகேஜ், குஜராத்,
13.8.2024

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

செல்வியின் வணக்கம். நான் இளைக்கவில்லை, சர்க்கரைப் பருப்பில் ஒரு சுற்றுப் பெருத்துத்தான் இருக்கிறேன். விடுதியில் மழைத்தண்ணீர் வாசல் வரை வந்துவிட்டுப் போனது, வேறொன்றும் இல்லை.

தகட்டைப் பார்த்து அசந்துபோனேன். ஈஸ்டரில் நீங்கள் பற்றவைத்த பீடு வரி புழு ஊர்ந்தது போல இருந்ததும், நான் சிரித்ததும், நீங்கள் கோபித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனதும் ஞாபகம் இருக்கிறதா? நாலு மாதத்தில் இப்படி ஒரு கை வந்திருக்கிறது. என் மேஸ்திரியிடம் காட்டினேன். யாருடையது என்று கேட்டார், என் அண்ணனுடையது என்று பெருமையாகச் சொன்னேன்.

ஒரு குறை. தகட்டில் உங்கள் முத்திரை இல்லை. எங்கள் இடத்தில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு எண். வேலை முடிந்ததும் பக்கத்தில் அதை அடித்தாக வேண்டும். என் எண் நாற்பத்தேழு. பத்து வருஷம் கழித்துக் குழாய் வெடித்தாலும் யார் கை என்று தெரியும். நீங்களும் அடுத்த தகட்டில் உங்கள் எஸ்.எம். எழுத்தை அடித்து அனுப்புங்கள்.

இனி டார்ச். மெஷினோடு வருவது இருபத்தாறாம் நம்பர். கனத்த இரும்புக்கும் கூடுதல் கரண்டுக்கும் ஆனது, அண்டாவுக்கு வேண்டாம். தண்ணீர் ஓடிக் குளிர்கிற வகைக்குத் தனி டேங்கும் பம்பும் வேண்டும், வீட்டுக்குத் தோதுப்படாது. பதினேழாம் நம்பர் நடுத்தரம். ஒன்பதாம் நம்பர் சிறியது, பேனா பிடிப்பதுபோலப் பிடிக்கலாம். இதில் எது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. செருப்பு வாங்குவது மாதிரிதான் இதுவும், போடுகிற காலைப் பார்க்க வேண்டும். தகட்டின் கனம், நாளுக்கு எத்தனை மணி நேரம் வேலை, இரண்டையும் எழுதுங்கள். கையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள்.

மதினி, நான் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தபோது நீங்கள் தோல்துண்டு வாங்கிவந்து கையால் தைத்துக் கொடுத்த ஸ்லீவைத்தான் இன்றும் போடுகிறேன். கம்பெனி கொடுத்தது பெட்டியில் கிடக்கிறது. நவம்பர் 29 பரீட்சைக்கும் அதுதான். குழாயை எப்படிச் சாய்த்து வைத்தாலும் பற்றவைக்க வேண்டும். தேறினால் வேலை நிரந்தரம்.

வீடியோவில் ஏன் வரவே மாட்டேன் என்கிறீர்கள்?

செல்வி

*

வடமதுரை,
25.8.2024

தங்கச்சி செல்விக்கு அண்ணனின் ஆசீர்வாதம்.

இங்கே எல்லாரும் சுகம். மழை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

கேட்டதற்கெல்லாம் பதில் இதில் இருக்கிறது. தகடு ஒன்றரை மில்லி. நாளுக்கு நாலு மணி நேர வேலை. கையை நோட்டுத்தாளில் வைத்து வரைந்திருக்கிறது. அளவு சரியாக இருக்கும், நம்பலாம்.

இன்னொன்று. பட்டனை அமுக்கினால் ஊசியிலிருந்து தீப்பொறி தானாகப் பாய்கிறதே, அந்த வகை வேண்டாம். ஊசியால் தகட்டைத் தொட்டு எடுத்தால் பற்றுகிற மாதிரியும் மெஷினில் மாற்றிக்கொள்ளலாம் என்று காட்டினாயே, அதற்கு ஒத்துப்போகிற டார்ச்சாகச் சொல். ஏன் எதற்கு என்று குடையாதே, அதுதான் பிடித்திருக்கிறது.

போன் கீழே விழுந்ததில் கேமரா போய்விட்டது. பார்த்து என்ன ஆகப்போகிறது, அதே கறுத்த மூஞ்சிதான்.

ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள். அப்பா இறந்த வருஷம் நீ பரீட்சையைப் பாதியில் போட்டுவிட்டு ரயில் ஏறினாய். ஒரு வருஷம் வீணானது, அப்பாவும் திரும்பி வரவில்லை. நவம்பர் 29 முடிகிற வரை இந்த ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்காதே. இங்கே ஒன்றும் ஆகிவிடவில்லை. நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்.

சூசைமாணிக்கம்

*

தகேஜ்,
4.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு சந்தேகம். நீங்கள் அனுப்பிய கையின் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். என் கையைவிட அரை விரல் குட்டையாக இருக்கிறது. உங்கள் உள்ளங்கையில் என் இரண்டு கையும் அடங்குமே. ரேஷன் கடைத் தராசு மாதிரி பென்சிலும் ஏமாற்றுமா? இல்லை, மதினி உங்களைப் பட்டினி போடுகிறார்களா?

தொட்டு எடுக்கிற முறை உங்களுக்குச் சரிப்படாது, அண்ணே. ஊசி தகட்டில் ஒட்டும், முனை அழுக்காகும், தடவைக்குத் தடவை சாணை பிடிக்க வேண்டும். பொறுமைசாலிக்கு ஓடும். நீங்கள் தீப்பெட்டி இரண்டாம் உரசலில் பற்றாவிட்டால் தூக்கி எறிகிறவர்.

அளவு சரிதான் என்றால் ஒன்பதாம் நம்பர் போதும். அதிலும் கழுத்து வளைகிற வகை. அண்டாவின் உள்வளைவில் கையை முறுக்காமல் கழுத்தை வளைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் கேபிள் வேண்டாம், மெத்தென்ற ரப்பர் கேபிள் வேண்டும். பாதி வலி கேபிளால்தான் வருகிறது. கைப்பிடி பட்டன் வேண்டுமா, காலால் அமுக்குகிற பெடல் வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள். கை ஏன் சிறுத்தது, தீப்பொறி ஏன் வேண்டாம், இந்த இரண்டுக்கும் பதில் எழுதுங்கள். முத்திரை அடித்த தகட்டையும் மறக்க வேண்டாம்.

மதினியின் மெழுகுவர்த்திக்கு நன்றி. போன வாரப் பயிற்சியில் என் குழாய் எக்ஸ்ரேயில் சுத்தம்.

செல்வி

*

வடமதுரை,
29.9.2024

தங்கச்சிக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. சுகம்தான். மாதா திருவிழாவுக்குத் தேர் பார்க்கப் போகவில்லை, வேலை.

பெடல் நல்லது. தையல் மெஷின் மிதிக்கிற மாதிரிதானே, பழகிவிடும் என்கிறாள் லூர்து.

ஒரு அண்டா முடிந்தது. இரண்டாவது பாதியில் நிற்கிறது. மணிக்கட்டு வீங்கி, உப்புத்தண்ணீர் ஒத்தடம் கொடுத்தும் இரண்டு நாளாக டார்ச்சைத் தொட முடியவில்லை. பாரூக் பாய் அக்டோபர் 18ஆம் தேதி வருகிறேன் என்றிருக்கிறார். சீக்கிரம் பார்த்து அனுப்பு.

முத்திரை கேட்டாய், அடித்த தகடு இதோடு வருகிறது.

சூசைமாணிக்கம்

*

தகேஜ்,
7.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்வி எழுதுவது. நான் நலம். டார்ச்சைக் கூரியரில் அனுப்பிவிட்டேன், இந்தக் கடிதமும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஒன்பதாம் நம்பர், வளைகிற கழுத்து, ரப்பர் கேபிள், பெடல். தொட்டு எடுக்கிற முறையில்தான் ஓட்டுங்கள், நான் மறுக்கவில்லை. முனை தீட்டிய ஊசி பத்து வைத்திருக்கிறேன்.

பிடிக்கும் முறையைக் கவனமாகப் படியுங்கள். கேபிளைத் தரையில் தொங்கவிடக் கூடாது. இடது தோளுக்கு மேலே ஒரு கொக்கி அடித்து அதில் மாட்டி, முழங்கையை ஒட்டி இறக்குங்கள். கனம் முழுக்கக் கொக்கிக்குப் போய்விடும். இடது சுண்டுவிரல் தகட்டின் மேல் ஊன்றியிருக்கட்டும். உருக்கிச் சேர்க்கிற ஃபில்லர் கம்பி வலது கையில். பெடல் எந்தக் காலுக்குத் தோதோ அந்தக் காலுக்கு. அரை மணிக்கு ஒருதரம் எழுந்து கையை உதற வேண்டும்.

நீங்கள் பதில் சொல்லாத இரண்டு கேள்விகளையும் நான் திரும்பக் கேட்கப்போவதில்லை. நவம்பர் 29 வரை எதுவும் கேட்க மாட்டேன், ஊருக்கும் வர மாட்டேன். நீங்கள் வேண்டுவது அதுதானே. ஒன்றே ஒன்று மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வேளைக்குச் சாப்பிட்டு நடமாடுகிறீர்களா?

இந்த டார்ச்சைப் பிடிக்கிற கைக்கு என் நன்றி.

செல்வி

*

வடமதுரை,
21.10.2024

என் செல்லத் தங்கச்சிக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறேன். காலையிலும் மாலையிலும் ரயில்வே கேட் வரை நடக்கிறேன். இது சத்தியம்.

டார்ச் வந்தது. கையில் எடுத்ததும் இதில் கனமே இல்லையே, வேலை செய்யுமா என்று பயமாகிவிட்டது. கொக்கி அடித்துக் கேபிளை மாட்டினோம். முதல் நாள் இரண்டு மணி நேரம் ஓடியது, கை வலிக்கவில்லை. நாலாம் நாள் வீக்கமும் வடிந்துவிட்டது. அண்டாவின் அடி வளைவில் முன்பு உடம்பையே சாய்த்துக்கொண்டு கிடந்த இடத்தில் இப்போது டார்ச்சின் கழுத்து தானாகத் திரும்புகிறது.

பாரூக் பாய் வந்தார். மூன்றிலும் தண்ணீரை நிரப்பி, நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் தண்ணீரைக் கொட்டி, உள்பக்கத் தையலை விரலால் தடவி ஒரு சுற்று வந்தார். "சொட்டு இல்ல மாணிக்கம், நகம்கூட மாட்டல. மிச்சத்தையும் நீயே போடு" என்றார். பட்டறை மூடப்படாது, செல்வி. உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. லூர்து அன்றைக்குப் பாயசம் வைத்தாள், அதில்தான் சர்க்கரை போட வேண்டும் என்று உன் ஊர்க்காரர்களிடம் சொல்.

நீ கேட்காமல் விட்டதற்கும் சேர்த்து நன்றி. பரீட்சையை முடி.

அண்ணன்

*

தகேஜ்,
1.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தேறிவிட்டேன். ஒன்பது பேரில் நாலு பேர். எக்ஸ்ரேயில் ஒரு புள்ளி இல்லை. நாற்பத்தேழு இனி நிரந்தரம். தாளை வாங்கியதும் முதலில் உங்களை நினைத்தேன். அதற்கடுத்து உங்கள் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போது பேசலாம் அல்லவா?

ஆர்கானில் வலது கைக்காரர் வலமிருந்து இடமாகத்தான் போவார். ஈஸ்டரில் நீங்களும் அப்படித்தான் போனீர்கள். இரண்டாவது தகட்டில் எஸ்.எம். எழுத்து நேராக இருக்கும்படி பிடித்தேன். பீடு இடமிருந்து வலமாகப் போயிருந்தது. பிறை வரிகளும் அந்தப் பக்கமே வளைந்திருந்தன, முடிகிற இடத்துச் சிறு குழியும் வலது ஓரத்தில் இருந்தது. முத்திரை இல்லாவிட்டால் தகட்டை எப்படித் திருப்பிப் பிடிப்பது என்றே தெரிந்திருக்காது. நான் கேட்டேன் என்று அடித்தீர்கள், அது உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அப்போது நான் ஸ்லீவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அதில் தையல் எல்லாம் மற்றவர்கள் தைப்பதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். நம் வீட்டில் இடது கைக்காரர் மதினி ஒருவர்தான். பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்த அந்தக் கைதான் தாளில் வரைந்து வந்த கை.

எங்கள் ஷெட் வாசலில் ஒரு பலகை உண்டு. நெஞ்சில் துடிப்புக் கருவி வைத்தவர்கள் உள்ளே வரக் கூடாது என்று படம் போட்டிருக்கும். தீப்பொறி பாய்கிற மெஷின் அந்தக் கருவியைக் குழப்பிவிடலாம் என்று பயிற்சியிலும் சொன்னார்கள். தீப்பொறி வேண்டாம், வீடியோ வேண்டாம், ஊருக்கு வராதே. மூன்றையும் சேர்த்ததும் புரிந்துவிட்டது. அன்று இரவே ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று இருந்தேன். பையைக்கூட எடுத்து வைத்தேன். நீங்கள் ஒரு வருஷம் வீணானது என்று எழுதிய கடிதத்தைத் திரும்பப் படித்துவிட்டுப் பையை மேலே வைத்தேன். உங்கள் கையெழுத்து ஆடாமல் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு மாதம் ஓட்டினேன்.

மறைத்ததற்கு நன்றி, அண்ணே. அதனால்தான் தேறினேன். ஆனால் ஒருவர் வைத்த வெல்டிங்கில் இன்னொருவர் முத்திரையை அடித்தால் எங்கள் இடத்தில் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்தக் குற்றத்தை நீங்கள் செய்திருக்கிறீர்கள். என்னிடம் மறைக்க என்றால் தகட்டோடு போகட்டும். பாரூக் பாயின் மூன்று அண்டாவில் என்ன எழுத்து இருக்கிறது?

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்துவிட்டது. 23ஆம் தேதி வருகிறேன்.

செல்வி

*

வடமதுரை,
8.12.2024

என் தங்கச்சிக்கு,

நீ தேறிய செய்தியைக் கோயிலில் சாமியார் வாசிக்கும்படி செய்துவிட்டேன். வெட்கப்படாதே, இனி ஒன்றும் செய்ய முடியாது.

ஜூலை மூன்றாம் தேதி வேலை செய்கிற இடத்தில் தலை சுற்றி விழுந்தேன். நாடி நின்று நின்று ஓடுகிறது என்று மதுரையில் கருவி வைத்தார்கள். இப்போது சுகம். வெல்டிங் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டே கொடுத்துவிட்டார். அதனால் மெஷின் ஓடும்போது கிணற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். தொட்டு எடுக்கிற முறை எனக்கு இன்னொரு பாதுகாப்பு என்று லூர்து பிடிவாதம் பிடித்தாள். ஊசியை அவள்தான் சாணை பிடிக்கிறாள், ஒரு நாளும் அலுத்துக்கொள்ளவில்லை.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், மெஷினை விற்றுவிடலாம் என்றேன். "ஈஸ்டர்ல செல்வி சொல்லிக் குடுத்தப்ப நானும் பக்கத்துலதான நின்னேன்" என்று சொல்லிவிட்டு முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். நீயும் நானும் அவள் டீ கொண்டுவந்து நிற்கிறாள் என்றே நினைத்திருந்தோம்.

அண்டாவில் என்ன எழுத்து என்று கேட்டாய். எஸ்.எம். தான். உன்னிடம் மறைக்க மட்டும் அடிக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக இந்தப் பட்டறையிலிருந்து என் எழுத்து இல்லாமல் ஒரு பொருள் போனதில்லை. கை சும்மா கிடக்கிறபோது அதையும் விட்டால் நான் யார் என்று ஆகிவிட்டது. அவள் பார்த்துக்கொண்டேதான் நின்றாள். உன் கடிதத்தைப் படித்த பிறகு அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வா. நேரில் திட்டு.

சூசைமாணிக்கம்

*

வடமதுரை,
16.12.2024

அன்புள்ள செல்விக்கு,

உன் மதினி லூர்தம்மாள் எழுதுவது. உனக்கு இதுதான் என் முதல் கடிதம். பள்ளிக்கூடத்தில் இடது கையில் அடித்து அடித்து வலது கையால் எழுதவைத்தார்கள், அதனால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். அரத்தை மட்டும் எந்தக் கையால் பிடிக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. உன் அண்ணன் இட்லி நாலுக்குக் குறையாமல் சாப்பிடுகிறார், கவலைப்படாதே.

டார்ச் என் கைக்கு அளவாக இருக்கிறது. என் வயதுக்கு இத்தனை நாளில் என் கையை அளந்து எனக்கென்று வந்த சாமான் இது ஒன்றுதான். வளையல்கூட அம்மா அளவுக்குத்தான் வாங்குவார்கள். உனக்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன் என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

நாலாவது அண்டா போன சனிக்கிழமை முடிந்தது. உன் அண்ணன் எழுத்து அடிக்கிற பஞ்ச் பெட்டியையும் சுத்தியலையும் என் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தார். பெட்டியில் இங்கிலீஷ் எழுத்துத்தான் இருந்தது. நான் சின்ன உளியை எடுத்து "லூ" என்று நானே வெட்டினேன். பூட்டுப் பட்டறையில் பதினோரு வருஷம் லீவர் தகட்டுக்கு அரம் போட்டிருக்கிறேன், செல்வி. எத்தனை ஊர்க் கதவில் தொங்குகிறதோ, ஒரு பூட்டிலும் என் எழுத்து இல்லை. முதலாளி பெயர்தான் இருக்கும். அதனால் வெட்டி முடித்த பிறகும் செத்த நேரம் கையை அதன் மேலேயே வைத்திருந்தேன்.

பாரூக் பாய் எடுத்துப்போக வந்தார். எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "லூன்னா யாரு மாணிக்கம், புது ஆளா?" என்று கேட்டார். உன் அண்ணன் கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார். என் வீட்டுக்காரி என்று சொல்வார் என்று நினைத்தேன். எழுந்து நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"எங்க வெல்டரு பாய். முந்தி வாங்குன மூணையும் திருப்பிக் கொண்டாங்க, எழுத்தை மாத்தணும்."

23ஆம் தேதி ரயில் எத்தனை மணிக்கு என்று எனக்குப் போனில் சொல். அவர் ஸ்டேஷனுக்கு வருவார், எனக்கு அன்றைக்கு வேலை இருக்கிறது.

உன் மதினி,
லூர்தம்மாள்